மங்கு நுழையாத இடைவெளி

1951-ஆம் ஆண்டு நாங்கள் மலாயாவில் ரந்தாவ் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் இருந்தோம். கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை அடக்க அரசு அறிவித்த அவசரகாலம். லயத்தைச் சுற்றி முள்வேலி. சாயங்காலம் கேட்டைப் பூட்டினால் விடியும்வரை திறக்க மாட்டார்கள். ரப்பர் ஷீட்டுகளுக்குப் புகை போடும் கொட்டகையில் எனக்கு வேலை. சூட்டளவு குறிக்கக் கொடுத்த நோட்டின் ஓரத்தில் வீட்டு விஷயங்களையும் குறித்துவந்தேன். ஆகவே நாள் கணக்கில் எனக்குத் தடுமாற்றம் குறைவு.

சித்திரையில் ஒரு மாலை, வேலிக்கு வெளியிலிருந்து சுட்டார்கள். யார் சுட்டது என்பதை ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். நான் எதையும் எழுதிவைக்கவில்லை. ஒரு குண்டு எங்கள் பலகைச் சுவரைத் துளைத்து, உத்தரத்தில் தொங்கிய தூளிச் சேலையையும் துளைத்துப் போனது. மகள் அப்போது தாய் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தாள். பிறந்து நாற்பத்தொரு நாள்.

மனைவி சேலையை அவிழ்த்து மடித்தாள். "இனிமே எம்புள்ள அந்தரத்துல தூங்க மாட்டா."

தரையில் கிடத்தினால் பூரான், எலி. மரத்தொட்டில்தான் வழி என்று தோட்டத்து ஆசாரியிடம் போனேன்.

"தொர வூட்டுப் புள்ளைக்குத்தான்யா கட்டிலு. ஒனக்கெதுக்கு?" என்று சிரித்தார்.

சேலையில் இருந்த துளையைக் காட்டினேன். ரம்பத்தை எடுத்தார்.

ரப்பர் மரத்தைப் பூச்சி அரித்துவிடும். சாயம் பூசினால் பல் முளைக்கும் காலத்தில் குழந்தை அதைக் கடிக்கும். கொட்டகையில் ஷீட் தொங்கவிட்டுப் பழசான கழிகள் கிடந்தன. வருடக்கணக்கில் புகையேறியவை, பூச்சி அண்டாது. ஷீட் உரசி உரசிச் சிராய் இல்லாமல் வழவழவென்றிருக்கும். துரையிடம் கேட்டு அவற்றை வாங்கிக்கொண்டேன். குண்டு போகும் உயரத்துக்கு நன்றாகக் கீழே இருக்கவேண்டுமென்று, கால்களை ஒரு சாணுக்கு மேல் விடவில்லை.

கழிகளுக்கு நடுவே எவ்வளவு இடம்? ஆசாரி, மரத்தில் பால் வடியக் கட்டும் மங்கு ஒன்றை எடுத்து இரண்டு கழிகளுக்கிடையே வைத்துப் பார்த்தார். நுழையவில்லை.

"மங்கே போகல, மண்ட எங்க போகப்போவுது?"

எங்கள் லயத்தில் ரேஷன் அரிசிக்கும் உப்புக்கும்கூட மங்குதான் அளவு. நானும் தலையாட்டினேன். அதே அளவில் இன்னொரு தொட்டிலும் செய்து, பக்கத்துத் தோட்டத்தில் பிள்ளை பெற்றிருந்த என் ஒன்றுவிட்ட தங்கைக்கு லாரியில் அனுப்பினோம்.

மகளுக்கு ஆறு மாதமும் ஒன்பது நாளும் ஆன அன்று மழை, பால்வெட்டு இல்லை. மனைவி குழாயடிக்குப் போயிருந்தாள். மத்தியானச் சோற்றுக்கு வந்த நான் கண்டது: குழந்தையின் உடம்பு தொட்டிலுக்கு வெளியே, தலை மட்டும் உள்ளே. கால் முதலில் நுழைந்து, இடுப்பும் தோளும் வழுக்கி இறங்கியிருக்கின்றன. முழங்கால்கள் தரையில் ஊன்றியிருந்தன. அழவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. கழியை உடைக்கப் பார்த்தேன். அவ்வளவு கெட்டியான மரத்தை நானே தேடி எடுத்திருந்தேன். உடம்பைத் தூக்கி, வந்த வழியே உள்ளே செலுத்திய பிறகுதான் வீறிட்டாள்.

குடத்தோடு வந்த மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒன்றே கேட்டாள்:

"என்னங்க, அந்தப் புள்ளைக்கு இப்ப எத்தன மாசம்?"

தங்கை பிள்ளைக்கு ஐந்து முடிந்திருந்தது. லாரி மறுநாள் காலையில்தான். நாங்கள் தலையைத்தான் அளந்தோம். இடுப்பை ஒருவரும் அளக்கவில்லை. அன்று சாயங்காலம் ஆசாரியும் நானும் எங்கள் தொட்டிலில் ஒவ்வோர் இடைவெளிக்கும் நடுவே ஒரு கழி அடித்தோம்.

காலையில் சுத்தியலும் ஒரு கட்டுக் கழியுமாகப் போனேன். வழியில் சோதனைக்கு நிறுத்தியவர்கள் கட்டைப் பிரித்து ஒவ்வொரு கழியையும் தட்டிப் பார்த்தார்கள். தங்கை வீட்டில் நுழைந்ததும் தொட்டிலைத்தான் பார்த்தேன். உள்ளே இரண்டு கோழிகள்.

"கோவிச்சுக்காதீங்கண்ணே," என்றாள். "புகை நாத்தம் தாங்கல லா. புள்ள தும்மிக்கிட்டே இருந்துச்சு. கோழிக்கு நல்லா ஒத்துப்போச்சு."

குழந்தை அவளுக்குப் பின்னால், உத்தரத்தில் கட்டிய தூளியில் தூங்கிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டுத் தூளி தொங்கிய அதே உயரம். அதற்குப் பின்னே ஒற்றைப் பலகைச் சுவர். பலகைக்கு அப்பால் வேலி.

கழி அடித்து முடியும்வரை தொட்டிலில் போடாதே என்று சொல்லத்தான் வந்திருந்தேன். இப்போது தூளியிலிருந்து இறக்கு என்று சொல்லவேண்டியிருந்தது. கோழிகளை வெளியே விட்டு, தொட்டிலைக் கழுவி, மூன்று விரல் நுழையும் அளவுக்கு விட்டுக் கழிகளை அடித்தேன். நடந்ததையும் சொன்னேன். அவள் குழந்தையை இறக்கித் தொட்டிலில் கிடத்தி, கழிகளுக்கு நடுவே தன் கையை மடக்கி விட்டுப் பார்த்தாள். போகவில்லை.

"சரிண்ணே," என்றாள்.

நான் திரும்பிய பிறகும் குழந்தை அதிலேயே தூங்கியதா என்பது தெரியாது. அந்த நாளுக்கு என் நோட்டில் மூன்று விரல் என்பது மட்டும் இருக்கிறது. முந்தின நாளுக்கு, மழை, பால் இல்லை.