கண்ணாடியின் முதுகில் சந்தனம்

லேசர் விளக்கு சுவரில் அழகாக எழுதினால் ஆபரேட்டருக்குக் கைதட்டல். எழுத்து ஆடினால் மட்டும் டியூன் பண்ணியவனைத் தேடுவார்கள். ரிப்பேர் வேலை பார்க்கிற எல்லாருக்கும் இந்த வயிற்றெரிச்சல் பழக்கமானதுதான். என்னுடையதையும் கேளுங்கள்.

உத்திரமேரூரில் ஒரு சவுண்ட் செட் கடையில் எனக்கு வேலை. லேசர் பெட்டிக்குள் நகம் அளவுக்கு இரண்டு கண்ணாடிகள், ஆளுக்கொரு மோட்டார். ஒன்று ஒளியைப் பக்கவாட்டில் நகர்த்தும், இன்னொன்று மேலும் கீழும். இரண்டும் சொன்ன இடத்தில் நின்றால்தான் எழுத்து. நிற்க வைப்பது போர்டில் இருக்கும் குட்டித் திருகுகள். குறைத்தால் எழுத்தின் முனை மழுங்கும். கூட்டினால் கண்ணாடி விசிலடித்து மோட்டார் கருகும். கடையில் அந்தத் திருகை நான் மட்டும்தான் தொடுவேன். எனக்கென்று இருக்கிற ஒரே மரியாதை அது.

சும்மா இருக்கிற வேலை

சுவரில் ஒரு கட்டத்தை ஓட விட்டு, விசில் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு, திருகை மயிரிழை திருப்புவேன். பார்ப்பேன். மறுபடி திருப்புவேன். ஸ்பீக்கர் தூக்குகிறவன் வியர்க்கிறான், எனக்கு வியர்ப்பதில்லை. முதலாளிக்கு அது பொறுக்கவில்லை.

"காலைலேர்ந்து ஒரு ஸ்க்ரூவ மொறச்சிக்கினு கீற. எறங்கி ஒரு பாக்ஸத் தூக்கேன்டா."

மாகறல் ரிசப்ஷன்

மணமக்கள் பேரை மண்டபத்துச் சுவரில் போட்டோம். துளி நடுக்கமில்லை. என் வேலையிலேயே அதுதான் உசத்தி என்று ஓரமாக நின்று ரசித்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையின் தாய்மாமா அண்ணாந்து பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"இன்னாப்பா, பெயிண்ட்ல எய்தி வச்சா மாரி கீது. இதுக்கு இன்னாத்துக்கு லேசரு?"

அம்மன் பேர்

ஓர் ஊரில் ஆடித் திருவிழா. கோயில் மதிலில் அம்மன் பேர் விழ வேண்டும். கடைசியாக ஒருமுறை டியூன் பண்ண மூடியைத் திறந்து வைத்துவிட்டு, எழுத்து எப்படி விழுகிறது என்று தூரத்திலிருந்து பார்க்கப் போனேன். அதற்குள் விழாக் கமிட்டிக்காரர்கள் லேசரை நிறுத்தி, பெட்டிக்குப் பூஜை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்துவிட்டார்கள். பக்தி மிகுந்த ஒரு விரல், உள்ளே இருந்த கண்ணாடியின் முதுகிலும் வைத்திருந்தது.

அந்தக் கண்ணாடிக்கு ஒரு பொட்டுச் சந்தனமே பெரிய சுமை. மறுபடி போட்டதும் எழுத்து வெடவெடவென்று ஆடியது. துடைக்கப் பஞ்சோடு ஓடினேன். கமிட்டித் தலைவர் குறுக்கே வந்து, எந்த ஊர், எந்தப் பக்கம் என்று கேட்டார். காலனி என்றேன். பெட்டிக்குப் பக்கத்தில் விடவில்லை. முதலாளிக்குப் போன் போட்டேன். பெரியவர் சொன்னபடி கேள் என்று வைத்துவிட்டார். நான் திருகிய திருகு, நான் நிறுத்திய கண்ணாடி. பஞ்சோடு நின்ற என்னிடம் தலைவர் சொன்னார்.

"பூஜ போட்ட மிஷினு தம்பி. நீ கைய வைக்காத."

மறு வருஷம்

அன்று ஆடிய எழுத்தைப் பார்த்து, அம்மனே இறங்கிவிட்டாள் என்று ஊரே கும்பிட்டது. கடைக்கு வந்ததும் கண்ணாடியைத் துடைத்து, திருகைச் சரிபார்த்து வைத்தேன். அடுத்த ஆடிக்கு அதே தலைவர் கடைக்கு வந்தார். பெட்டியைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்த என்னைத் தாண்டிப்போய், முதலாளியிடம் பேசினார்.

"போன வருசம் ஆடிச்சே, அதே மாரி ஆடணும். அந்தப் பையன மட்டும் அனுப்பாத."

ஆடாமல் நிறுத்துவது மட்டும்தான் எனக்குத் தெரிந்த வேலை; ஆட்டி வைக்க அவர்களுக்கு நான் எதற்கு?