சைகோன் மாமியாரின் மரணம்

தேரடி வீதியில் ரவிக்கைத் துணிக்கடை வைத்திருந்த மக்பூல் பாயின் மனைவியை ஊரில் ‘சைகோனம்மா’ என்றுதான் சொல்வார்கள். நிக்காஹ்வின்போது வைத்த பெயர் ரஹமத்துன்னிசா. அதற்கு முன்னால் லான். வியட்நாமில், சைகோன் நகரத்தில், காரைக்கால்காரர் ஒருவரின் துணிக்கடையில் இருவரும் வேலை பார்த்தார்கள். அங்கேயே கல்யாணமாகி, மகன் ஜியாவுல்லாவும் பிறந்தான். எழுபத்தைந்தில் சண்டை முடிந்து புது ஆட்சி வந்ததும் முதலாளி கடையை இழுத்து மூடினார். மறுவருடம் இந்தியர்களை ஏற்றிவந்த விமானத்தில் மக்பூல் மனைவி மகனோடு ஊர் வந்து சேர்ந்தார்.

இத்தனை வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டு வெறுங்கையோடு வந்தவரைச் சொந்தக்காரர்களே ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்கள். மக்பூலுக்குக் கூசியது. பக்கத்து டீக்கடை காசி ஒருநாள் சண்டையைப் பற்றி விசாரித்தபோது அவர் கண்ணால் கண்டதைச் சொன்னார். ஊரடங்கையும் அரிசிக்கு நின்ற வரிசையையும் சொன்னார். காசிக்கு அது போதவில்லை. குண்டெல்லாம் போட்டார்களாமே என்று இழுத்தார். மக்பூலும் ஒரு குண்டைப் போட்டார். அது மாமியார் வீட்டின் மேல் விழுந்தது. மாமியாரும் இரண்டு மச்சான்களும் அங்கேயே போய்விட்டார்கள் என்றும், பெண்டாட்டியை மட்டும் நெருப்புக்குள்ளிருந்து தூக்கிக்கொண்டு ஓடிவந்ததாகவும் சொல்லி முடித்தபோது, டீ குடிக்க வந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து அவருக்கு மரியாதை வந்தது.

ரஹமத்துன்னிசாவுக்கு அப்போது தமிழ் தெரியாது. வீட்டில் இருவரும் அவள் பாஷையில்தான் பேசிக்கொள்வார்கள். தெருப் பெண்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கும்போது, நல்ல ஜனங்கள் என்று நினைத்து அவள் சிரிப்பாள். பாவம், புத்தி பேதலித்துவிட்டது போலிருக்கிறது என்று அவர்கள் இன்னும் அழுவார்கள்.

எண்பத்து மூன்றில் ரமணாசிரமத்துக்கு வந்திருந்த ஒரு அமெரிக்கர் கடைக்கு வந்தார். வியட்நாமில் சிப்பாயாக இருந்தவர். காசி வாயிலிருந்து விஷயம் அவர் காதுக்கும் போயிருந்தது. கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரஹமத்துன்னிசாவின் முன்னால் தரையில் மண்டியிட்டு, உன் அம்மாவுக்காக என்னை மன்னித்துவிடு என்று இங்கிலீஷில் சொல்லித் தேம்பினார். அவள் அவரைத் தூக்கி நிறுத்தி, தண்ணீர் கொடுத்து அனுப்பினாள். பிறகு மக்பூல் பக்கம் திரும்பினாள். கல்யாணமான நாளிலிருந்து முதல்முறையாக அவரிடம் தமிழில் பேசினாள்.

“எங்கம்மாவ ஏங்க சாவடிச்சீங்க?”

அவளுக்கு எல்லாமே எப்போதோ புரிந்துவிட்டிருக்கிறது. மக்பூல் அளவுகோலை எடுத்து, அளக்க வேண்டாத துணி ஒன்றை அளந்தார்.

அதன்பிறகு அவர் அந்தக் கதையைச் சொல்லவில்லை. பொய் என்றும் யாரிடமும் சொல்லவில்லை.

அரபு நாட்டில், தம்மாமில் வேலைக்குப் போயிருந்த ஜியாவுல்லா எண்பத்தெட்டில் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் டிக்கெட்டுக்குப் பணம் அனுப்பினான். மகனைப் பார்க்கப் போகிறோம் என்று தெருவில் சொல்லிவிட்டு இருவரும் சைகோனுக்குப் போனார்கள். நகரத்தின் பெயரே மாறியிருந்தது. மாமியார் வீட்டு வாசலில் அடுப்பு வைத்து நூடுல்ஸ் சூப் விற்றுக்கொண்டிருந்தாள். ரேஷன் அட்டையோடு வரிசையில் நின்ற காலம் பத்து வருடத்துக்கு மேல் என்றும், இப்போதுதான் சொந்தமாக விற்க விடுகிறார்கள் என்றும் சொன்னாள். மூத்த மச்சான் தெற்குப் பட்டாளத்தில் இருந்தவன். சண்டை முடிந்ததும் முகாமில் அடைத்து வைத்திருந்தார்கள். இளையவன் எதிர்ப்பக்கம் நின்று சண்டை போட்டவன். பல வருடம் முகம் பார்க்காமல் இருந்த இருவரும் இப்போது ஒரே கொட்டகையில் மோட்டார் சைக்கிள் ரிப்பேர் செய்தார்கள். சண்டைக்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் சண்டைப் பேச்சு எடுத்தாலே எழுந்து போனார்கள். அவர்களுக்கு ஒரு ஹோண்டா வாங்க வேண்டும், இங்கிலீஷ் படிக்க வேண்டும், அவ்வளவுதான். மக்பூல் வேலை பார்த்த துணிக்கடை இருந்த இடத்தில் தையல் மிஷின்கள் ஓடின.

மாமியார் அவர் கிண்ணத்தில் சூப்பை ஊற்றிக்கொண்டே, உங்கள் ஊரில் எங்களைப் பற்றி விசாரிப்பார்களா என்று கேட்டாள். ரஹமத்துன்னிசா அவரைப் பார்க்காமலேயே, எல்லாரும் நல்லா இருக்கிறார்களா என்று தினமும் கேட்பார்கள் அம்மா, என்றாள். அந்தச் சூப்பைக் குடித்து முடிப்பதற்குள் மக்பூலுக்கு உயிர் போய் உயிர் வந்தது. அவள் திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது.

ஊர் திரும்பிய பிறகும் அவர் வாய் திறக்கவில்லை. மகன் சௌக்கியமா என்று காசி கேட்டார். சௌக்கியம் என்றார்.

மறுவருடம் கார்த்திகை தீபத்துக்கு ஊர் நிரம்பிக்கொண்டிருந்த சமயத்தில் தந்தி வந்தது. மாமியார் காலமாகிவிட்டாள். ரஹமத்துன்னிசா கூடத்தில் சுவரோரமாக உட்கார்ந்து அழுதாள். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அஜ்மத் பேகம் எட்டிப் பார்த்தார். அம்மா போய்விட்டாள் என்றதும் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தார்.

“இன்னிக்கி ஞாபகம் வந்துடுச்சாம்மா? எத்தினி வருசம் ஆயிப்போச்சு. மனச தேத்திக்கோ.”

அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லி அஜ்மத் பேகம் எழுந்து போய்விட்டார். வேறு யாரும் வரவில்லை. எப்போதோ செத்தவளுக்கு யார் துக்கம் கேட்க வருவார்கள்? உள்ளறையில் நின்றிருந்த மக்பூல் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்து, முதலில் அஜ்மத் பேகம் வீட்டுக் கதவைத்தான் தட்டினார்.

“எங்க மாமியார் முந்தாநேத்துதான் மவுத்தானாங்க. குண்டு போட்டதெல்லாம் நான் கட்டுன கதைம்மா. அது கிட்ட போய் ஒக்காருங்க.”

அஜ்மத் பேகம் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அவரைத் தாண்டி நடந்தார். மக்பூல் தெருவில் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினார். சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒரு வீட்டில் சிரித்தார்கள். காசி மட்டும், என்னை வைத்து ஊரையே அழவைத்துவிட்டீர்களே பாய் என்று சொல்லிவிட்டு டீ ஆற்றப் போனார். அதற்கப்புறம் வெகுநாள் அவர் மக்பூலிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மக்பூல் திரும்பி வந்தபோது கூடம் முழுக்கப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா பேர் என்ன, எப்படி இருப்பாங்க என்று யாரோ கேட்க, ரஹமத்துன்னிசா மூக்கைச் சிந்திக்கொண்டே சூப் அடுப்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் வாசற்படியில் கால் வைத்ததும் பேச்சு நின்றது. அவர் செருப்பைக் கழற்றாமலேயே தெருவுக்கு இறங்கி, எதிர்வீட்டுச் சுவரோரமாகப் போய் நின்றுகொண்டார்.