வெட்டாத பக்கங்கள்

பழைய புத்தக வியாபாரியைக் கவனித்துக்கொள்ள என்னை வைத்தபோது அவருக்குக் கண் முழுதாகப் போயிருந்தது. சிறுநீரகமும் கைவிடத் தொடங்கியிருந்தது. நாக்கு மட்டும் நன்றாக இருந்தது. முதல் நாளே, "நர்ஸம்மா, உங்க கை செருப்புத் தோல் மாதிரி இருக்கு" என்றார்.

"உங்களப் புரட்டிப் போட அந்தக் கைதான் வேணும்" என்றேன். அதன் பிறகு ஒத்துப்போனோம்.

நாற்பது வருடம் கடை நடத்தியவர். எந்தப் புத்தகத்தையும் படித்துவிட்டுத்தான் விற்பார். ஒன்றை மட்டும் படிக்கவும் இல்லை, விற்கவும் இல்லை. அழிந்துபோன பேரரசுகளைப் பற்றி ஒரு தத்துவ ஆசிரியர் எழுதியது. நூற்றைம்பது வருடத்துக்கு முந்திய முதல் பதிப்பு. அந்தக் காலத்தில் அச்சிட்ட தாளை மடித்துத் தைத்து, ஓரத்தை வெட்டாமல் அப்படியே கொடுத்துவிடுவார்கள். வாங்கியவர் மடிப்பைக் கத்தியால் கீறித்தான் படிக்க வேண்டும். கீறாமல் இருந்தால்தான் அதற்கு மதிப்பு.

முதல் அத்தியாயம் மட்டும் திறந்திருந்தது. திறந்தவள் அவர் மகள், ஒன்பது வயதில், காய் நறுக்கும் கத்தியால். அப்பாவுக்கு உதவி செய்வதாக நினைத்தாள். அவர் அவள் வலது கையை மேசை இழுப்பறைக்குள் வைத்து மூடினார். இரண்டு விரல்கள் இன்றும் மடங்காது. இதை அவளே, அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டு என்னிடம் சொன்னாள். அவர் அடுத்த வாய்க்கு வாயைத் திறந்தார்.

தினமும் மாலையில் அந்த அத்தியாயத்தை அவருக்கு வாசித்தேன். பேரரசுகளைச் சாய்ப்பது எதிரியின் படை இல்லை, எது என்பதை அடுத்துச் சொல்கிறேன் என்று ஆசிரியர் முடித்திருந்தார். அதற்கு மேல் மடிப்பு.

"அடுத்தத வெட்டும்மா, கேட்டுட்டுப் போயிடுறேன்" என்று மகளிடம் கேட்டார்.

"மதிப்பு போயிடும்பா."

"மதிப்பு இனி யாருக்கு வேணும்?"

"ஒன்பது வயசுல எனக்கும் அது வேணாம்தாம்பா."

மூன்று வாரம் கேட்டார். ஒரு நாள் அழுதார். அவள் நனைந்த தலையணை உறையை மாற்றினாள். மருந்தோ கஞ்சியோ ஒரு வேளைகூடத் தவறியதில்லை. அந்த வகையில் குறை சொல்ல முடியாத மகள்.

மூச்சு இழுக்கத் தொடங்கிய அன்று என் மணிக்கட்டைப் பிடித்து, "உங்ககிட்ட கத்திரி இருக்குமே" என்றார். கட்டுத்துணி வெட்டும் கத்திரியை எடுத்தேன்.

"கீழ வைங்க, நர்ஸம்மா" என்றாள் வாசலில் நின்ற மகள். என்னை வேலைக்கு வைத்தவள் அவள். வைத்தேன். மேசையில் இரும்பு பட்ட சத்தம் அவருக்கும் கேட்டது. அதன் பிறகு அவர் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. மறுநாள் மதியம் போய்விட்டார்.

உடம்பைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அடுத்த அறையில் தாள் கீறும் சத்தம். எட்டிப் பார்த்தேன். காய் நறுக்கும் கத்தியால் கடைசி மடிப்பு வரை திறந்துவிட்டிருந்தாள். ஓரமெல்லாம் பிசிறு.

"என்ன எழுதியிருக்கு?" என்றேன்.

"படிக்கல. வெட்டணும்னுதான் இருந்துச்சு."

அவரைப் புரட்ட இன்னொரு ஆள் வேண்டும் என்றேன். கத்தியை வைத்துவிட்டு வந்து பிடித்தாள். மடங்காத விரல்களிலிருந்த தாள்தூள் அவர் முதுகில் ஒட்டியது. அதையும் துடைத்தேன்.