முக்கால் மில்லிமீட்டர்

நான் கெர்லிங் எஸ்டேட்டில் பிறந்தவள். அருகே சுங்கை சோ என்ற ஊர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில், மூன்று நாடுகள் சேர்ந்து உருவாக்கிய ராணுவப் பயிற்சி ஜெட்டுக்கு ஒருங்கிணைப்பாளராக இருந்தேன். வடிவமைப்பு இத்தாலி. இறக்கையின் கார்பன் தகடு நாங்கள். பொருத்துவது கொரியா.

1. நுழையாத போல்ட்

முதல் தகடு போய்ச் சேர்ந்த மறுநாளே கொரியப் பொறியாளர் பார்க் வீடியோவில் வந்தார்.

"கடைசித் துளைகள் முக்கால் மில்லிமீட்டர் தள்ளி இருக்கின்றன. போல்ட் நுழையவில்லை."

துளையிட வழிகாட்டும் அலுமினிய ஜிக்கைச் செய்தது இத்தாலி. அங்கிருந்த மார்க்கோ கொதித்தார். "ஜிக் சரியாகத்தான் இருக்கிறது!"

வெள்ளிக்கிழமைக்குள் காரணம் தெரியாவிட்டால் வேலை வேறு நாட்டுக்குப் போய்விடும். எங்களில் நாற்பது பேர் அதை நம்பி இருந்தோம்.

துளைப் பிரிவு சூப்பர்வைசர் குணா அண்ணனிடம் ஓடினேன். அவர் தயங்கினார்.

"தங்கச்சி, துளை போட்ட அன்னிக்கு ஏர்கோன் கெட்டுப் போச்சுலா. ஹால்ல முப்பத்தோரு டிகிரி. அனுப்புற டேட் நெருங்கிருச்சுன்னு துளைய அடிச்சிட்டோம்."

குளிர்சாதனம் இல்லாத ஹால் என்றதும் எனக்குப் பொறி தட்டியது. வரைபட அளவெல்லாம் இருபது டிகிரிக்குப் போட்டவை. சூட்டில் அலுமினியம் நீளும், கார்பன் அசையாது. மூன்று மீட்டர் ஜிக், பதினோரு டிகிரி. கணக்குப் போட்டேன். முக்கால் மில்லிமீட்டர்! துள்ளிக் குதித்தேன்.

2. மேனேஜர் சொன்னது

"ஏர்கோன் கதைய வெளிய விடாதம்மா. பழி நம்ம தலையில விழும்" என்றார் மேனேஜர்.

"மறைச்சா அடுத்த தகடும் இப்படித்தான் சார் போகும். நானே சொல்றேன்."

வியாழன் கூட்டத்தில் வெப்பநிலைப் பதிவைத் திரையில் போட்டேன். "தவறு எங்களுடையது" என்றேன்.

மார்க்கோ ஜிக் வரைபடத்தைத் திறந்து பார்த்தார். "ஜிக் வரைபடத்தில் வெப்பநிலை வரம்பை நாங்கள் எழுதவே இல்லை. அது எங்கள் பிழை."

பார்க் சொன்னார்: "புதுத் தகடு அனுப்புங்கள். காத்திருக்கிறோம்."

ஏர்கோன் பழுது நீங்கியதும் இருபது டிகிரியில் துளையிட்டோம். தகடு கொரியா சேர்ந்த அன்று குணா அண்ணன், மேனேஜர், நான் எல்லோரும் திரை முன் மூச்சடக்கி நின்றோம். பார்க் போல்ட்டை வைத்து விரலால் தள்ளினார். வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

"போயிருச்சுடா!" என்று கத்தினார் குணா அண்ணன். கொரியாவிலும் கைதட்டல்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். பல நாட்டார் கூடும் மேசையில் எல்லோரும் தங்கள் பிழையை மடியில் ஒளித்து வைத்திருப்பார்கள். உங்களுடையதை முதலில் எடுத்து வையுங்கள்.