பொறுமைசாலி அவசரப்பட்ட நாள்

பம்பு பழுதுபார்க்கும் பட்டறையில் அவனைப் 'பொறுமை' என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயரைச் சொல்லி அழைத்தால் அவனே உடனே திரும்பிப் பார்க்கமாட்டான். வருஷக்கணக்கில் தண்ணீரில் ஊறித் துருவேறிய நட்டு எதுவானாலும் அவன் கைக்குத்தான் வரும். எண்ணெய் விடுவான், லேசாகச் சூடு காட்டுவான், தட்டுவான், காத்திருப்பான். பட்டறைக்காரர்களிடம் ஒரு விதி உண்டு: அசையாதவரை அவசரப்படாதே, அசைந்துவிட்டால் விடாதே. பாதியில் நிறுத்தினால் சூடு ஆறி முன்னைவிட இறுகிக்கொள்ளும். பதினாறு வருஷமாக அந்த விதி அவனைக் கைவிட்டதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, வீட்டுக் குளியலறையில், அது கைவிட்டது.

வயது முப்பத்து மூன்று. கல்யாணமாகி ஒன்றரை வருஷம். அவனுடைய முன்தோல் இறுகியிருந்தது, பின்னால் போகாது. எல்லா ஆண்களுக்கும் இப்படித்தான் என்று கல்யாணம்வரை நினைத்துக்கொண்டிருந்தான். மனைவியிடம் நெருங்கிய முதல் நாளே உயிர் போகிற வலி. இரண்டாம் முறை ரத்தம் கசிந்தது. அதன்பிறகு ஒரு நாள் இடுப்புப் பிடிப்பு, ஒரு நாள் ஓவர்டைம், மறுநாள் தலைவலி. ஒரே கட்டிலில் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துப் படுத்தார்கள். பிள்ளை எங்கிருந்து வரும்?

ஆனால் கேள்வி அவனைத் தேடி வரவில்லை. நேரே அவளிடம் போனது.

அவள் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் சரிபார்ப்பவள். ஒரு தையல் விலகியிருந்தாலும் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவாள். அப்படிப்பட்டவளை அவனுடைய அக்கா கையைப் பிடித்து ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக இழுத்துப்போனாள். "ஒன்றரை வருஷமாச்சு, வயித்துல ஒரு புழு பூச்சி இல்லையே" என்று பெரியப்பா வீட்டில் ஆறு பேர் நடுவில் வைத்துக் கேட்டாள், 'மலடி' என்றும் சொன்னாள். மூன்று ரத்தப் பரிசோதனை, இரண்டு ஸ்கேன். ஊசி குத்திய இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டு அவள் வீடு திரும்புவாள். கணவரையும் அழைத்துவரும்படி டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை அக்கா மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள். "என் தம்பிக்கு என்ன குறை? சிங்கக்குட்டி." டாக்டர் அந்தரங்கமாகக் கேட்ட கேள்விக்கும் பக்கத்தில் இருந்த அக்காதான் பதில் சொன்னாள்.

ஆணைச் சோதிக்க ஐந்து நிமிஷம் போதும். பெண்ணைச் சோதிக்கப் போனால் வயிற்றில் துளை போடும்வரை போகும். எளிதானதை முதலில் பார்ப்பதுதான் அறிவு. இவர்கள் பார்த்தது குடும்ப மானத்தை. இருவரும் சேரவே இல்லை என்ற உண்மையை அவள் சொல்லியிருந்தால்? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று அதற்கும் ஒரு பழமொழி தயாராக இருந்திருக்கும். அவளைப் பேசவிடாமல் செய்தது அக்கா மட்டுமல்ல. எல்லாம் தெரிந்தும் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த அவனும்தான்.

இரண்டு வாரத்துக்கு முன் அவன் யாருக்கும் தெரியாமல் ஒரு டாக்டரிடம் போனான். அவர் மூன்று நிமிஷத்தில் பார்த்துவிட்டு ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். வெதுவெதுப்பான தண்ணீரில் குளித்துவிட்டுத் தோலின் விளிம்பில் களிம்பைத் தடவ வேண்டும். மெல்லப் பின்னால் இழுக்க வேண்டும். இறுக்கம் தெரிகிற இடத்தில், வலி தொடங்குவதற்குள் நிறுத்தி, அரை நிமிஷம் பிடிக்க வேண்டும். தினம் இரண்டு வேளை, ஆறு முதல் எட்டு வாரம். "ஒண்ணு மறக்காதீங்க. இழுத்த தோல முன்னால கொண்டுவந்துட்டுத்தான் கைய எடுக்கணும்."

பன்னிரண்டு நாள் அவன் சொன்னபடியே செய்தான். ஒரு நெல் அளவுக்குத் தோல் இடம் கொடுத்தது. பன்னிரண்டாம் நாள் சனிக்கிழமை. அன்று சாயங்காலம் அக்கா போனில் நாள் குறித்தாள்: திங்கட்கிழமை அவன் மனைவியின் வயிற்றில் துளை போட்டுக் குழாய் விட்டுப் பார்ப்பார்கள். மயக்க மருந்து கொடுப்பார்கள். அவள் பையில் மாற்றுத்துணி எடுத்து வைத்தாள்.

எட்டு வாரம் இல்லை. ஒரு நாள்தான் இருந்தது. தான் சரியாகிவிட்டால் எதையும் யாரிடமும் சொல்லாமலே, 'இன்னும் கொஞ்ச நாள் பாப்போம்' என்று திங்கட்கிழமை வேலையைத் தள்ளிவிடலாம். கோழையின் கணக்கு அது. மறுநாள் காலை இழுத்தபோது தோல் என்றைக்கும் போகாத தூரம் போனது. கை பட்டறைக்கையாக மாறியது. அசைந்துவிட்டது, விடாதே. வலித்தது. பல்லைக் கடித்து இழுத்தான். தோல் குறியின் மொட்டைத் தாண்டிப் பின்னால் போயே போய்விட்டது.

ஒரு கணம் சிரிப்புகூட வந்தது. அப்புறம் முன்னால் கொண்டுவரப் பார்த்தான். வரவில்லை. களிம்பைத் தடவினான், சோப்புப் போட்டான். பின்னால் போன தோல் வளையமாகி மொட்டின் கழுத்தைப் பிடித்துக்கொண்டது. மொட்டு வீங்கியது. வீங்க வீங்க வளையம் இறுகியது. நிறம் கருஞ்சிவப்பாக மாறியது.

கதவு தட்டப்பட்டது. "உள்ள என்ன பண்றீங்க? முக்கா மணி நேரமாச்சு."

"வந்துடறேன்."

"தண்ணி சத்தமே காணோம். குரல் வேற நடுங்குது. கதவத் திறங்க."

"நீ போ. ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா முனகறீங்க? திறக்கறீங்களா, பக்கத்து வீட்டுக்காரரக் கூப்பிட்டு உடைக்கச் சொல்லவா?"

திறந்தான். அவள் பார்த்தாள். தையலைப் பார்க்கிற அதே கண்.

"இது எத்தன நாளா?"

"இறுக்கம் எப்பவுமே இருக்கு. இது இப்பதான்."

"எப்பவுமே." அந்த ஒரு சொல்லை அவள் திருப்பிச் சொன்ன விதத்தில் மூன்று ரத்தப் பரிசோதனையும் இரண்டு ஸ்கேனும் இருந்தன. "தளர்வா எதையாவது கட்டிக்குங்க. வண்டி கூப்பிடறேன்."

வழியெல்லாம் பள்ளம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவன் இருக்கையைப் பிடித்தான். அவள் அவன் கையைப் பிடிக்கவில்லை. டிரைவரிடம் மட்டும் மூன்று முறை, "வேகமாப் போங்க" என்றாள்.

அவசரப் பிரிவு டாக்டருக்கு அவன் வயதுதான் இருக்கும். மரத்துப்போகிற களிம்பைத் தடவி, துணியில் சுற்றிய பனிக்கட்டி வைத்து, வீக்கத்தை உள்ளங்கையால் நிமிஷக்கணக்கில் அழுத்தினார். பிறகு இரண்டு கட்டைவிரலால் மொட்டைத் தள்ளி, மற்ற விரல்களால் தோலை முன்னால் இழுத்தார். அவன் கத்தியது வெளியே நின்றவளுக்கும் கேட்டது. வளையம் நழுவி முன்னால் வந்தது.

"எத்தன மணிக்கு மாட்டிச்சு?"

"பத்து."

"நேரத்தோட வந்தீங்க. வெக்கப்பட்டு வீட்லயே இருந்திருந்தா ரத்த ஓட்டம் நின்னு அழுகியிருக்கும். என்ன வேல?"

"பம்பு பட்டறை."

"நெனச்சேன். இது இரும்பு இல்லீங்க, தோலு. இழுத்தா கழண்டு வராது, நாள் குடுத்தா வளரும். புண்ணு ஆறற வரைக்கும் கை வைக்காதீங்க. அப்புறம் உங்க டாக்டரப் பாத்துட்டு மறுபடி மெதுவா ஆரம்பிங்க. சரிவரலேன்னா சின்ன ஆபரேஷன், அவ்வளவுதான்."

அவன் மெல்ல நடந்து வெளியே வந்தபோது அக்கா தாழ்வாரத்தில் நின்றாள். அவர்கள் வண்டியில் போனதைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிவிட்டிருக்கிறார்.

"என்னடா ஆச்சு? இவ என்ன பண்ணினா உன்ன? நாளைக்கு ஆபரேஷனுக்குப் பயந்து ஏதாவது நாடகம் ஆடினாளா?"

மனைவி அவனைப் பார்த்தாள். உதவவில்லை, தடுக்கவும் இல்லை.

"அக்கா, குறை என்கிட்டதான்."

"சும்மா இருடா."

"கல்யாணமானதுலேர்ந்து நாங்க சேரவே இல்ல. எனக்குத் தோல் இறுக்கம். அவளுக்கு எந்தச் சோதனையும் தேவையில்ல. நாளைக்கு அவ வரமாட்டா."

பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பினார்கள். அக்கா குரலைத் தாழ்த்தினாள். "வாய மூடு. நாலு பேர் கேக்கறாங்க. இவ சொல்லிக் குடுத்தாளா?"

"டாக்டர் உள்ளதான் இருக்காரு. போய்க் கேளு."

அக்கா போகவில்லை. பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு படியிறங்கிவிட்டாள்.

அவன் மனைவி பக்கம் திரும்பினான். ஒரு நல்ல வார்த்தை வரும் என்று எதிர்பார்த்தான்.

"இதோட முடிஞ்சுதுன்னு நெனைக்காதீங்க" என்றாள். "என்ன மலடின்னு சொன்னப்ப உங்க பெரியப்பா வீட்ல ஆறு பேர் இருந்தாங்க. நீங்களும் இருந்தீங்க."

"ம்."

"ஆறு பேருக்கும் நீங்களே சொல்லணும். நான் பக்கத்துல நிக்கறப்ப."

"வீட்டுக்குப் போய்..."

"இங்கயே."

சுவரைப் பிடித்து நின்றபடி போனை எடுத்தான். மணி இரண்டு முறை அடித்தது.

"என்னப்பா," என்றார் பெரியப்பா, "நல்ல சேதியா?"

அவள் காது கொடுத்து நின்றாள்.

"சேதிதான் பெரியப்பா. நீங்க கொஞ்சம் உக்காந்துக்குங்க, சொல்றேன்."