நடுவில் விடாத இடம்

இன்று காலை என் கணினித் திரையில் ஆயிரம் நரம்புச் செல்கள் ஒரே நொடியில் பற்றிக்கொண்டன. பதறாதீர்கள், எல்லாம் கணக்குப் போட்டுச் செய்த பொம்மைச் செல்கள். ஒரு செல் துடித்தால் பக்கத்துச் செல்லை எவ்வளவு உசுப்பும் என்பது இடையிலுள்ள இணைப்பின் வலுவைப் பொறுத்தது. அந்த வலுவைக் கூட்டிக் குறைத்துப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. எங்கள் ஊர் ஆனைக்குட்டத்தில் யாராவது கேட்டால் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லித் தப்பிவிடுவேன். இன்று உசுப்பும் இணைப்புகளைக் கொஞ்சம் கூட்டினேன். அடக்கும் இணைப்புகளைக் கூட்ட மறந்துவிட்டேன். அங்கொன்றும் இங்கொன்றுமாக மினுக்கியவை மொத்தமாகப் பொரிந்து, சட்டென்று அடங்கின. ஏசி அறையில் எனக்கு வெடிமருந்து நாற்றம் அடித்தது.

கல்லூரி விடுமுறையில் அம்மாவோடு சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலைக்கு வேனில் போவேன். சரவெடி பின்னும் வேலை. ஓர் அறைக்கு நாலு பேர்தான். அறைக்கும் அறைக்கும் நடுவே வெறுந்தரை. பொறி பரவாமல் அடக்குவது அதுதான். அம்மாவுக்குப் பக்கத்து அறை. ஒருநாள், தீபாவளி சீசன், தாங்க முடியாத வேக்காடு. நடுவில் நின்ற புங்கமரத்தடியில் உட்கார்ந்தால் அம்மாவோடு பேசிக்கொண்டே பின்னலாமே என்று அங்கே போய் உட்கார்ந்து, முடித்த சரங்களை என் அறை வாசலிலிருந்து அவள் வாசல்வரை பரப்பிவிட்டேன். படித்த பிள்ளையின் புத்தி!

"ஏளா, நடுவுல எடம் விடு. எம்புட்டுத் தடவ சொல்ல?" என்றாள் அம்மா உள்ளேயிருந்து.

"இந்தா எடுத்துருதேம்மா."

எடுக்கவில்லை.

என் அறையில் யாரோ பெட்டியை இழுத்த உரசலில் ஒரு பொறி. "ஓடுங்க!" உள்ளே இருந்த மூன்று பேரும் வெளியே பாய்ந்துவிட்டார்கள். ஆனால் வாசலில் என் சரம் பற்றி, படபடவென்று அம்மாவின் அறையை நோக்கி ஓடியது. அம்மா வெளியே வந்தாள். தன் பக்கத்துச் சரங்களை வாரியெடுத்து வீசினாள். கையை விட்டுப் போவதற்குள் அவள் தலையோரமாகவே வெடித்தது. அறை தப்பியது.

"இங்கன யாரு சரத்த வச்சது?" போர்மேன் கத்தினார்.

அவர் வாயசைவதைப் பார்த்தாள் அம்மா. பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"நாந்தான் அண்ணாச்சி வச்சேன்."

அன்றே அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

சரவெடிக்கே இப்போது தடை. அந்த அறைகளும் இல்லை, புங்கமரமும் இல்லை. திரையில் ஓர் எண்ணைக் குறைத்தால் என் செல்கள் பழையபடி மினுக்கத் தொடங்கிவிடுகின்றன. அம்மாவின் காதுகள் அப்படித் திரும்பவில்லை. சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா என்று போனில் தெருவுக்கே கேட்கும்படி கத்துகிறேன். மன்னித்துக்கொள் என்பதை ஒருநாள் அவள் காதோரம் மெல்லச் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். அதைக் கத்திச் சொல்ல இன்னும் வாய் வரவில்லை.