கவிழ்ந்தே இருந்த டம்ளர்

காலை பத்தரை மணி. உள்ளே நுழைந்ததும் கண்ணில் பட்டது வெறும் மேசை. அதன் மேல் எப்போதும் இருக்கும் பெரிய எவர்சில்வர் தட்டைக் காணோம். தட்டு இருந்த இடத்தில் வட்டமாக ஒரு கறை.

மயிலாப்பூரில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருக்கிறது அந்த முதியோர் பகல் மையம். அம்மா போன பிறகு அப்பா தினமும் அங்கே போகிறார். ஸ்கூட்டரில் கொண்டுவிட்டு அழைத்துவருவது என் வேலை.

அந்தத் தட்டில்தான் எல்லோருடைய டம்ளர்களும் இருக்கும். ஆயா அவற்றைக் கழுவிக் கவிழ்த்து வைப்பார். வருகிறவர் தன் டம்ளரை நிமிர்த்திவிட்டுப் போய் உட்கார வேண்டும். பத்தரைக்கு, நிமிர்ந்திருக்கும் டம்ளர்களில் மட்டும் டீ விழும். அப்பாவின் டம்ளர் ஒரு பக்கம் நசுங்கியது. அப்பாவோடு கேரம் ஆடும் பாயின் டம்ளரில் விளிம்புக்குக் கீழே சிவப்பு நூல் சுற்றியிருக்கும். தையல்காரராக இருந்தவர் அவர். சர்க்கரை நோயாளி. ராயப்பேட்டைப் பக்கம் ஒரு மாடி அறையில் தனியாக இருந்தார். ஒரே மகள் பெருங்குடியில்.

டீ ஊற்றி முடித்த பிறகும் கவிழ்ந்திருக்கும் டம்ளர்காரர்களுக்கு ஆயா போன் போடுவார். எடுக்காவிட்டால் வீட்டுக்கே போய்விடுவார். அப்படிச் செய்யும்படி அவரிடம் யாரும் சொன்னதில்லை. போன மழைக்காலத்தில் ஒருநாள் சிவப்பு நூல் டம்ளர் கவிழ்ந்தே இருந்தது. ஆயா போய்ப் பார்த்தபோது பாய் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் கிடந்தார். சர்க்கரை இறங்கியிருந்தது. பிழைத்துத் திரும்பி வந்தவரை ஆயா விடவில்லை.

“இன்னா பாய், வரலன்னா ஒரு போன் பண்ண மாட்ட? உன் வூட்டு மாடி ஏறி என் முட்டியே போச்சு.”

“மயக்கத்துல எப்படிம்மா போன் பண்றது?”

“மயக்கம் வர்றதுக்கு முன்னாடி பண்ணு. டீ வேற வேஸ்ட்டு.”

இந்த வருடம் மையத்துக்கான நிதியைக் குறைத்தார்கள். முதலில் செய்தித்தாள்கள் நின்றன. வாரம் ஒருமுறை வந்த நர்ஸ் மாதம் ஒருமுறை வந்தார். கழிப்பறை பல்பு போனது, மாற்றவில்லை. கேரம் பலகைக்கு வேண்டிய பவுடரை பாயே வாங்கிவந்தார். கடைசியில் டீ நின்றது. டீ இல்லாத இடத்துக்கு ஆயா எதற்கு என்று அவரைச் சைதாப்பேட்டைக்கு மாற்றிவிட்டார்கள். தட்டும் டம்ளர்களும் இரும்பு அலமாரிக்குள் போயின. நான் வெறும் மேசையைப் பார்த்தது அதற்கு மறுநாள்.

மேற்பார்வைக்கு வந்த அதிகாரியிடம் டம்ளர் விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார்.

“டீதானே சார். வீட்லயே குடிச்சிட்டு வரட்டும். சென்டர மூடலையே.”

உண்மைதான். வாட்ச்மேன் காலையில் கதவைத் திறந்தார், சாயங்காலம் பூட்டினார். வந்தவர்கள் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். யார் வரவில்லை என்று காட்ட மேசையில் எதுவும் இல்லை.

சில வாரங்கள் போயின. ஒரு சாயங்காலம் ஸ்கூட்டரில் ஏறும்போது அப்பா சொன்னார்.

“பாயைக் காணலடா. கேரம்போர்டுல தூசி படிஞ்சிருக்கு.”

“எப்பலேர்ந்து?”

“தெரியலையே. பொண்ணாத்துக்குப் போயிருப்பார்னு நெனச்சிண்டிருந்தேன்.”

வாட்ச்மேனிடம் கேட்டேன். “பாயா? உள்ளதான் இருப்பாரு சார்” என்றார், திரும்பிப் பார்க்காமலே.

பாயின் போன் அணைந்திருந்தது. மகளின் எண் மையத்தில் யாரிடமும் இல்லை. ஆயாவை அழைத்தேன்.

“பொண்ணு வூட்ல இல்ல சார். நேத்துதான் அந்தப் பொண்ணு எனக்குப் போன் பண்ணிச்சு. போன் எடுக்கல, அத்தா சென்டருக்கு வர்றாரான்னு கேட்டுச்சு. நான் சைதாப்பேட்டைல கீறேன், எனக்கு இன்னா தெரியும்? வந்துகினுதான் இருப்பாருன்னு சொல்லிட்டேன். நீ போ சார். உடனே போ.”

ஆயாவிடம் வழி கேட்டுக்கொண்டு, அப்பாவை வீட்டில் விட்டுவிட்டு ராயப்பேட்டைக்குப் போனேன். கீழ்வீட்டு அம்மா வாசலில் பூ தொடுத்துக்கொண்டிருந்தார். பாய் மேலே இருக்கிறாரா என்று கேட்டேன்.

“இருக்காரே. ராவும் பகலும் ஃபேன் ஓடிக்கினே கீது. இன்னாத்துக்கு இவ்ளோ கரண்டுன்னு கேக்கணும்னு இருந்தேன்.”

மாடிப்படி குறுகலானது, இருட்டு. மேலே போய்க் கதவைத் தட்டினேன். கூப்பிட்டேன். மறுபடியும் தட்டினேன். ஃபேன் சத்தம் கேட்டது.

கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது.